பள்ளியை மூடுவது யார்?

அன்புள்ள ஐயா,

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையின் மிஷன் பள்ளிகள் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் டொரன்டோவில் இருக்கிறேன். அம்மம்மா உடுவில் பள்ளிக்கூடத்தில் படித்தவர். நான் கிறிஸ்தவள், கணவர் சைவர். வீட்டில் இது ஒருநாளும் பிரச்சினையாக இருந்ததில்லை, போன வருடம் வரை.

எங்கள் தேவாலயத்தின் வழியாக மலாவி நாட்டில் ஒரு பிள்ளையின் படிப்புக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோம். மண்டபத்தில் ஒரு பலகை நிறையப் பிள்ளைகளின் படங்களை ஒட்டி வைத்திருந்தார்கள். என் மகள் தன் வயதுள்ள ஒரு பெண்ணின் படத்தை எடுத்தாள். இதுவரை மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. மூன்றும் ஒரே மாதிரித்தான் தொடங்குகின்றன: உங்களுக்காக ஜெபிக்கிறேன், உதவிக்கு நன்றி. மூன்றாவது கடிதத்தின் அடியில் மட்டும், பென்சிலால், "பனி உங்கள் வீட்டுக் கதவைவிட உயரமா?" என்று எழுதியிருந்தது.

கணவர் இதைத் தூண்டிலில் வைத்த புழு என்கிறார். எங்கள் ஊரில் வெள்ளைக்காரர் செய்ததைத்தான் நாங்கள் இப்போது ஆப்பிரிக்காவில் செய்கிறோமாம். அந்தப் பணத்தை எங்கள் கோயில் வன்னிப் பிள்ளைகளுக்காக நடத்தும் கல்வி நிதிக்குக் கொடுக்கலாம் என்கிறார். நீங்கள் மிஷன் பள்ளிகளைப் பாராட்டி எழுதியவர். நாங்கள் தொடர்வதா, நிறுத்துவதா?

ச., டொரன்டோ

அன்புள்ள ச.,

உங்கள் கணவர் சொல்வதில் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் மண்டபத்தில் பார்த்த படப்பலகையின் பாட்டன் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தான்.

1815 அக்டோபரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூபரிபோர்ட் துறைமுகத்திலிருந்து 'டிரையட்' என்ற கப்பலில் கிளம்பிய அமெரிக்க மிஷனரிகள், அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்கள். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் குடியேறி ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். 1823-ல் வட்டுக்கோட்டை செமினரி என்ற உயர்கல்விக்கூடம், 1824-ல் உங்கள் அம்மம்மா பின்னால் படித்த உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளி. இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து? நியூ இங்கிலாந்தின் சின்னச் சின்ன ஊர்களில் மாதர் சங்கங்களும் ஞாயிறு பள்ளிகளும் சில்லறை சேர்த்து அனுப்பின. ஒரு பிள்ளையின் விடுதிச் செலவை ஏற்றுக்கொண்டவருக்கு ஓர் உரிமை கிடைத்தது: அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைக்கலாம். தங்கள் ஊர்ப் போதகரின் பெயர், செத்துப்போன சொந்தக்காரரின் பெயர், எதுவானாலும் சரி. கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை என்று நம் இலக்கிய வரலாற்றில் தட்டுப்படும் பெயர்களின் முன்பாதி இப்படி வந்து ஒட்டிக்கொண்டதுதான். உடுவிலிலோ, படிப்பை முடித்துக் கிறிஸ்தவரைக் கட்டிக்கொள்ளும் பெண்ணுக்கு ஆரம்ப காலத்தில் மிஷனே சீதனம் கொடுத்தது. இவ்வளவு அப்பட்டமாக இன்று யாரும் செய்ய மாட்டார்கள். புழு என்று உங்கள் கணவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் மீன் எங்கே? சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தன் முதல் பட்டதாரிகளைத் தேர்ந்தபோது அந்த இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்: கறல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும். தாமோதரம்பிள்ளை பிறகு செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்து வீரசோழியத்தையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஏழாலையில் சைவப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் வைத்தார். கறலோ, சைவ அறிஞர் ஆறுமுக நாவலரோடு கண்டனப் பிரசுரங்களில் மோதிவிட்டுப் பின்னாளில் சைவத்துக்கே திரும்பினார். யாரோ ஒரு விவசாயியின் மனைவி, அஞ்ஞானிகளை மீட்கவென்று மாசசூசெட்ஸில் உண்டியலில் போட்ட காசு, 1887-ல் கலித்தொகை வெளிவருவதில் போய் முடிந்திருக்கிறது. அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தால் வயிறு எரிந்திருக்கும்.

பாஸ்டனில் இருந்த தலைமைக்கு எரியத்தான் செய்தது. மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் 1855-ல் நேரில் வந்து கணக்குப் பார்த்தார். ஆங்கிலம் படித்தவன் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறான், ஊழியத்துக்கு வருவதில்லை. சபைக்கு ஊர்த் தமிழில் பாடம் சொல்லும் கிராமப் பள்ளிகள் போதும். அவர் கொள்கை அது. அந்த ஆண்டே செமினரி மூடப்பட்டது.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது மதமாற்றம் அல்ல, இந்த மூடல்தான். தெற்காசியாவிலேயே உயர்கல்வி தந்த இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த காலத்தில், 32 ஆண்டுகள் நடந்த ஒன்றைப் பணம் அனுப்பியவர்கள் பேசி முடித்து மூட முடிந்தது. முடிவு எடுத்த இடத்தில் பெற்றோருக்கு ஒரு நாற்காலி இல்லை. அப்புறம் ஊர்க்காரர்களே, பெரும்பாலும் பழைய மாணவர்கள், கல்லூரி வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பணம் திரட்டினார்கள். 1872-ல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி திறந்தது. அமெரிக்காவிலிருந்தும் பணம் வந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்டவர்களும் தொடங்கியவர்களும் இங்கே இருந்தவர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். விடுதிப் பள்ளிகளில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளாளப் பிள்ளைகள். ஏழைக்கென்று வந்த தருமம் ஊரில் ஏற்கெனவே தலையெடுத்தவர்களிடம்தான் முதலில் போய்ச் சேர்ந்தது. 1929-ல் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக உட்கார வேண்டும் என்று அரசாங்கம் சொன்னபோது பள்ளிக்கூடங்கள் எரிந்தன. வெளியிலிருந்து வரும் பணம் ஊருக்குள் யார் கையில் இறங்குகிறது என்று பார்க்காத தருமத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை, அது சிலுவை போட்டு வந்தாலும் திருநீறு பூசி வந்தாலும்.

சரி, மலாவிக்கு வருவோம். அங்கேயும் தூண்டில் கணக்குத் தப்பியிருக்கிறது. ஜான் சிலம்ப்வே என்ற இளைஞனை 1897-ல் ஜோசஃப் பூத் என்ற மிஷனரி அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார். அங்கே கறுப்பினப் பாப்டிஸ்ட் சபையினர் அவரைத் தாங்கி வர்ஜீனியாவில் இறையியல் படிக்க வைத்தார்கள். ஊர் திரும்பிய சிலம்ப்வே தன் சபையையும் பள்ளிகளையும் தொடங்கினார். தோட்ட முதலாளிகள் கூலிகளை நடத்திய விதத்தையும், வெள்ளைக்காரன் சண்டைக்கு ஆப்பிரிக்கர்கள் சாவதையும் எதிர்த்து 1915 ஜனவரியில் கிளர்ச்சி செய்தார், சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் செங்கல் செங்கலாகக் கட்டிய ஆலயத்தை அரசாங்கம் வெடிவைத்துத் தகர்த்தது. இன்று அவர் முகம் மலாவியின் பணத்தாளில் இருக்கிறது, ஜனவரி 15 அவர் பெயரில் விடுமுறை. படிப்பைக் கொடுத்தவன் நினைத்ததையே படித்தவனும் நினைப்பான் என்பது, கொடுப்பவர்களும் சந்தேகப்படுபவர்களும் சேர்ந்து நம்பும் ஒரு கற்பனை.

உங்கள் திட்டத்தைப் போன்ற, ஒரு பிள்ளைக்கு ஒரு புரவலர் என்ற முறை, இன்றைய வடிவில் பெரிதாக வளர்ந்தது கொரியப் போர் அநாதைகளை வைத்துத்தான். வேர்ல்டு விஷனும் கம்பாஷன் இன்டர்நேஷனலும் அப்போது பிறந்தவை. எனக்கு இந்த முறை பிடிக்காது. பலகையில் படம் ஒட்டி, யாருக்கு எந்த முகம் பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளச் சொல்வது, எவ்வளவு நல்ல மனதோடு செய்தாலும் கூச்சமாக இருக்கிறது. கடைசிவரை யாரும் எடுக்காத படங்கள் இருக்குமே, அந்தப் பிள்ளைகள்? தவிரவும், இந்தக் கடிதப் போக்குவரத்து சில சமயம் வெறும் சடங்காகிவிடும். 1998-ல் சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகை, தன் ஆட்களையே புரவலர்களாகச் சேர்த்து, பல அமைப்புகளைப் பின்தொடர்ந்து எழுதியது. அதில் மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தி இறந்துபோய் நெடுநாள் ஆன பிறகும் அவள் பெயரில் பணம் வாங்கப்பட்டது தெரியவந்தது.

ஆனால் என் பிடித்தமின்மைக்கு எதிரான சாட்சியத்தையும் நான் வைக்க வேண்டும். புரூஸ் வைடிக் என்ற பொருளியலாளரும் கூட்டாளிகளும் கம்பாஷன் அமைப்பை 6 நாடுகளில், 10,000 பேருக்கு மேல் விசாரித்து ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். உதவி பெற்ற பிள்ளைகள் மற்றவர்களைவிட ஓர் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். பெரியவர்களானபோது மாதச் சம்பள வேலையில் இருப்பவர்களும் அவர்களில் அதிகம். பணத்தோடு, தன்னால் முடியும் என்ற எண்ணமும் வேலை செய்திருக்கலாம் என்கிறார்கள். எங்கோ ஒருவர் தன்னை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது ஒரு பிள்ளைக்குச் சும்மா இல்லை போலிருக்கிறது. ஆகவே பயனில்லை, நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதே கம்பாஷன் 2017-ல் இந்தியாவை விட்டுப் போனது. வெளிநாட்டுப் பணம் வாங்க அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தது. சுமார் 1,45,000 பிள்ளைகளுக்கு வந்துகொண்டிருந்த உதவி நின்றது. மதமாற்றம் என்று ஒரு பக்கம், மதச் சுதந்திரம் என்று மறுபக்கம், நிறையப் பேசினார்கள். பாதிப் படிப்பில் இருந்த பிள்ளை இரண்டு பக்கத்திலும் காணவில்லை. 1855 மாதிரியே.

இதே மலாவியில் வேறு வழியில் போன ஓர் அமைப்பு உண்டு. மேரிஸ் மீல்ஸ். ஸ்காட்லாந்தின் டால்மலி என்ற சின்ன ஊரில் ஒரு தகரக் கொட்டகையிலிருந்து வளர்ந்தது. பெயரில் இருக்கும் மேரி, மாதாவேதான். நிறுவனர் மாக்னஸ் மக்ஃபார்லேன்-பாரோ கத்தோலிக்கர். 2002 பஞ்சத்தின்போது மலாவியில் சாகக் கிடந்த ஒரு தாயின் குடிசைக்குப் போயிருக்கிறார். அவளுடைய மூத்த மகனிடம் வாழ்க்கையில் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, வயிறாரச் சாப்பாடும் என்றாவது பள்ளிக்கூடமும் என்றானாம். பள்ளிக்கூடத்திலேயே சாப்பாடு போடுவோம் என்று 200 பிள்ளைகளோடு தொடங்கியது, பல நாடுகளில் 20 லட்சம் பிள்ளைகளைத் தாண்டிவிட்டது. மலாவியில் சோள மாவும் சோயாவும் சேர்ந்த 'லிக்குனி ஃபாலா' என்ற கஞ்சி. ஊர்த் தாய்மார் முறைவைத்து விடியலிலேயே வந்து அண்டாவில் கிளறுகிறார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குவளையோடு வரிசையில் நிற்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு ஓராண்டுச் செலவு ஏறத்தாழ 20 பவுண்டு. எந்தப் பிள்ளையின் படமும் யாருக்கும் ஒதுக்கப்படுவதில்லை, எந்தப் பிள்ளையும் யாருக்கும் நன்றிக் கடிதம் எழுத வேண்டியதில்லை, என்ன மதம் என்று கேட்பதில்லை.

இதிலும் ஸ்காட்லாந்திலிருந்து பணம் நின்றால் அண்டா காலி. தமிழ்நாட்டில் 1956-ல் காமராசர் காலத்தில் மதிய உணவு ஊர்க்காரர்களின் நன்கொடையோடுதான் தொடங்கியது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். இன்று எந்தக் கட்சி வந்தாலும் அதில் கைவைக்கத் துணியாது. தருமம் அரசின் கடமையாக மாறினால்தான் அது நிலைக்கிறது. மலாவியில் 1994 முதல் தொடக்கப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை. வகுப்பில் 100 பேர் நெருக்கியடித்தாலும் அது அவர்கள் உரிமை. உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போதுதான் தூரமும் விடுதிச் செலவும் வந்து நிற்கின்றன, பெண்பிள்ளைகள் அங்கேதான் உதிர்கிறார்கள்.

அதனால் நான் சொல்வது இது. அந்தப் பெண் பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை நிறுத்தாதீர்கள். உங்கள் வீட்டில் கொள்கை மாறியதற்கு அவள் படிப்பு பலியாகக் கூடாது. தேவாலயத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள்: அவள் எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு தாண்டினால் விடுதிச் செலவுக்கு இந்தப் பணம் வருமா, அவள் வேதபாட வகுப்புக்கு வராவிட்டால் என்ன ஆகும், நீங்கள் அனுப்பாவிட்டால் அந்த இடத்தை யார் ஈடுகட்டுவார், அங்கே முடிவெடுக்கும் குழுவில் ஊர்ப் பெற்றோர் உண்டா. பதில் சொல்லத் தயங்கினால், இந்தப் பிள்ளைக்குப் பிறகு அந்தத் திட்டத்தில் இன்னொரு படம் எடுக்க வேண்டாம்.

உங்கள் கணவர் தன் கோயில் நிதிக்கும் கொடுக்கட்டும், வன்னியில் தேவை நிறையவே இருக்கிறது. ஆனால் இதே கேள்விகளை அங்கேயும் கேட்கச் சொல்லுங்கள். வேதக்காரப் பிள்ளை, அதாவது கிறிஸ்தவப் பிள்ளை, விண்ணப்பித்தால் கிடைக்குமா? எந்தச் சாதிப் பிள்ளைகள் இதுவரை வாங்கியிருக்கிறார்கள்? நிர்வாக சபை இரண்டாக உடைந்தால், கோயில்களில் அது நடக்காத ஒன்றல்லவே, நடுவாண்டில் பிள்ளைகளின் பணம் என்ன ஆகும்? மிஷனைப் பற்றிக் கேட்கும்போது வரும் குரல் சொந்தக் கோயிலில் கேட்கும்போதும் வந்தால், அவரோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

உங்கள் மகளிடம், அந்த பென்சில் கேள்விக்குச் சரியான அளவோடு பதில் எழுதச் சொல்லுங்கள். ஜெபத்துக்கு நன்றி என்று நான்கு வரி அதிகம் சேர்க்க வேண்டாம்.