கட்சிக்காரர் தேடி வராத வழக்கறிஞர்கள்
(வாசகர் கேள்வி - பதில்: சட்டம்)

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகனுடைய மின்னூல் கணக்கில் 2016-ஆம் ஆண்டு திடீரென்று சில டாலர்கள் வரவு வைக்கப்பட்டன. வழக்கில் சமரசம் ஏற்பட்டதால் தரப்படும் தொகை என்று குறிப்பு வந்ததாம். அவன் எந்த வழக்கும் போடவில்லை, எந்த வக்கீலையும் அமர்த்தவில்லை. அந்தப் பணம் எப்படி வந்தது? வழக்கை நடத்திய வக்கீல்களுக்கு யார் ஃபீஸ் கொடுத்தார்கள்?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி

பதில்: அம்மா, அது தங்கள் மகனுக்கு நியாயமாகச் சேர வேண்டிய பணம்தான். 2010-ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனமும் ஐந்து பெரிய பதிப்பகங்களும் கூடிப் பேசி வைத்துக்கொண்டதால், அதுவரை 9.99 டாலருக்கு விற்ற புதிய மின்னூல்களின் விலை 12.99, 14.99 டாலர் என்று ஏறியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஹேகன்ஸ் பெர்மன் என்ற வழக்கறிஞர் நிறுவனம், ஓரிரு வாசகர்களை முன்னிறுத்தி, அதே விலை கொடுத்த அத்தனை வாசகர்களுக்காகவும் வழக்குத் தொடுத்தது. அரசின் நீதித் துறை வழக்குப் போட்டது அதற்குப் பிறகு, 2012 ஏப்ரலில்தான். பதிப்பகங்கள் முதலில் சமரசத்துக்கு வந்தன. ஆப்பிள் கடைசி வரை போராடி, நீதிபதி டெனிஸ் கோட் 2013-இல் அளித்த தீர்ப்பில் தோற்று, 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டை ஏற்க மறுத்த பிறகு, வாசகர்களுக்கு 40 கோடி டாலர் கொடுத்தது. நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் இடம்பெற்ற நூல் ஒன்றுக்கு 6.93 டாலர், மற்ற நூல் ஒன்றுக்கு 1.57 டாலர் என்று கணக்கிட்டு, பெரும்பாலோருக்கு அவர்கள் கேட்காமலேயே கணக்கில் வரவு வைத்தார்கள். வழக்கறிஞர்களுக்கான 3 கோடி டாலரை ஆப்பிள் தனியாகவே கொடுத்ததால், வாசகர் பங்கில் அது கை வைக்கவில்லை. பல வழக்குகளில் அப்படி நடப்பதில்லை. கிடைத்த மொத்தத் தொகையிலிருந்தே நீதிமன்றம் நிர்ணயிக்கும் ஒரு பங்கு கட்டணமாகப் போகும்.

இத்தகைய வழக்கைத்தான் கூட்டு வழக்கு, அதாவது கிளாஸ் ஆக்ஷன் என்கிறார்கள். ஒரு நூலுக்கு மூன்று டாலர் கூடுதலாகப் பறிகொடுத்தவர் அதற்காக வக்கீல் வைக்க மாட்டார். 1.7 கோடிப் பேர் சம்பந்தப்பட்ட கூட்டு வழக்கு ஒன்றில் அமெரிக்க நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் 2004-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எழுதியபடி, கூட்டு வழக்கு இல்லையென்றால் நடக்கப்போவது 1.7 கோடித் தனி வழக்குகள் அல்ல, ஒரு வழக்குகூட நடக்காது என்பதே உண்மை. முப்பது டாலருக்காக வழக்காடுபவர் பித்தராகவோ வெறியராகவோதான் இருக்க முடியும் என்றார் அவர். சட்டமும் இதற்கு வழி செய்திருக்கிறது. 1890-ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம் போட்டியைக் குலைக்கும் கூட்டுச் சதியைக் குற்றமாக்கியது. 1914-ஆம் ஆண்டின் கிளேட்டன் சட்டம், பாதிக்கப்பட்டவர் தம் நஷ்டத்தைப் போல் மூன்று மடங்கும் வழக்கறிஞர் கட்டணமும் கேட்கலாம் என்றது. உரிமையியல் நடைமுறை விதிகளில் 23-ஆவது விதியை 1966-இல் திருத்தி எழுதியபோது, விலகிக்கொள்வதாகச் சொல்லாத எல்லோரும் கூட்டு வழக்கில் அடங்குவர் என்ற இன்றைய நிலை வந்தது. தங்கள் மகன் எதுவும் செய்யாமலேயே கட்சிக்காரர் ஆனது அந்த விதியால்தான்.

கேள்வி: நான் சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். போட்டிச் சட்டத்திலும் நுகர்வோர் கூட்டு வழக்குகளிலும் ஈடுபடும் அமெரிக்க வழக்கறிஞரின் அன்றாட வேலை எப்படி இருக்கும், ஐயா? நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடுவதுதான் முக்கியமான வேலையா?
- சட்ட மாணவர், மதுரை

பதில்: இல்லை. ஜூரியின் முன் விசாரணை வரை போகும் கூட்டு வழக்குகள் மிகக் குறைவு. இத்துறையில் பல ஆண்டுகள் இருந்தும் முழு விசாரணையை ஒன்றிரண்டு முறை மட்டுமே நடத்தியவர்கள் உண்டு. வேலையின் பெரும்பகுதி ஆவணங்களோடுதான். எதிர்த்தரப்பு நிறுவனம் ஒப்படைக்கும் லட்சக்கணக்கான மின்னஞ்சல்களையும் கூட்டக் குறிப்புகளையும் இளம் வழக்கறிஞர்கள் மாதக்கணக்கில் படித்து, யார் யாரை எந்த ஊரில் எந்தத் தேதியில் சந்தித்தார், அதற்கு எத்தனை நாள் கழித்து விலை ஏறியது என்று அடுக்கிக்கொண்டு வர வேண்டும். அதன் பிறகு நிறுவன அதிகாரிகளைச் சத்தியப் பிரமாணத்தின் மேல் உட்காரவைத்து, சுருக்கெழுத்தாளர் முன்னிலையில், நாள் முழுவதும் கேள்வி கேட்க வேண்டும்.

வைட்டமின் வழக்கைச் சொல்கிறேன். சுவிட்சர்லாந்தின் ஹாஃப்மன் லா ரோஷ், ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் முதலிய நிறுவனங்கள் 1990-களில் ஆண்டுதோறும் கூடி, எந்த வைட்டமினை யார் எவ்வளவு விற்பது, என்ன விலைக்கு விற்பது என்று தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொண்டன. அந்தச் சந்திப்புகளுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் பட்ஜெட் கூட்டம். 1999 மே மாதம் ரோஷ் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலரும், பிஏஎஸ்எஃப் 22.5 கோடி டாலரும் அபராதம் கட்டச் சம்மதித்தன. இந்த அபராதம் அரசின் கருவூலத்துக்குப் போனது. கால்நடைத் தீவனத்திலும் உணவிலும் சேர்க்க வைட்டமின் வாங்கி ஏமாந்த நிறுவனங்களுக்கு அதில் ஒரு காசும் இல்லை. அவர்கள் பணத்தை மீட்டது மைக்கேல் ஹாஸ்ஃபெல்ட், டேவிட் பாய்ஸ், ஸ்டீபன் சஸ்மன் ஆகியோர் முன்னின்று நடத்திய கூட்டு வழக்கு. அதே ஆண்டு நவம்பரில் 100 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகைக்குச் சமரசம் ஏற்பட்டது. பெரிய கொள்முதல்காரர்கள் பலர் விலகிக்கொண்டு தனியே பேரம் பேசினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; விலகும் உரிமை என்பது காகிதத்தோடு நிற்பதல்ல.

வழக்கின் உயிர்நிலை வேறோர் இடத்தில் இருக்கிறது. 'இத்தனை பேரையும் ஒரே வழக்காகச் சேர்க்கலாம்' என்று நீதிபதி சான்றளிக்கும் கட்டம்தான் அது. எல்லோருக்கும் பொதுவான கேள்விகளே வழக்கில் மேலோங்கி நிற்கின்றன என்று காட்ட, பொருளாதார நிபுணர் விலைப் புள்ளிவிவரங்களை வைத்துக் கணக்குப் போட்டு, சதி இல்லாதிருந்தால் விலை என்னவாக இருந்திருக்கும் என்று நிறுவ வேண்டும். காம்காஸ்ட் என்ற கேபிள் தொலைக்காட்சி நிறுவனத்தின் மீதான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் அத்தகைய கணக்கை ஏற்காமல் சான்றை ரத்து செய்தது. எனவே இத்துறைக்கு வர விரும்பும் மாணவர் பேச்சுத்திறனுக்கு முன்பாகப் புள்ளியியலைப் படிப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். நிபுணர்களுக்கான செலவை வழக்கறிஞர் நிறுவனமே கைப்பணத்திலிருந்து போட வேண்டும். வழக்கு தோற்றால் அந்தப் பணமும் போயிற்று, அத்தனை ஆண்டு உழைப்பும் போயிற்று.

கேள்வி: மக்கள் பெயரைச் சொல்லி வக்கீல்கள் பணம் சம்பாதிக்கும் தொழில் இது என்கிறார்களே?
- வாசகர், ஈரோடு

பதில்: அப்படிச் சம்பாதித்தவர்களும் உண்டு. பங்கு முதலீட்டாளர் கூட்டு வழக்குகளில் கொடிகட்டிப் பறந்த வில்லியம் லெராக், மெல்வின் வைஸ் ஆகிய இருவரும், வழக்கில் பெயர் கொடுப்பவர்களுக்கு மறைவாகப் பணம் தந்த விவகாரத்தில் 2008-இல் சிறைத் தண்டனை பெற்றார்கள். ஆனால் என்னை அதைவிட அதிகம் யோசிக்கவைப்பது விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் மீது கடைக்காரர்கள் 2005-இல் தொடுத்த வழக்கு. 2012-இல் 725 கோடி டாலருக்குச் சமரசம் பேசி முடித்தார்கள். வழக்கறிஞர்களுக்கு 54 கோடி டாலருக்கும் மேல் கட்டணம் அனுமதிக்கப்பட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-இல் அந்தச் சமரசத்தையே ரத்து செய்தது. பணம் பெறும் பழைய கடைக்காரர்களுக்கும், பணம் பெறாமல் இனி வழக்குப் போடும் உரிமையை மட்டும் இழக்கும் புதிய கடைக்காரர்களுக்கும் ஒரே வழக்கறிஞர்கள் ஆஜரானதால், இரண்டாம் தரப்புக்காக உண்மையில் யாரும் பேசவில்லை என்பது காரணம். அங்கே யாரும் லஞ்சம் வாங்கவில்லை. கட்சிக்காரர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்காதபோது, நேர்மையான வழக்கறிஞருக்கும் இப்படி நேரலாம். அதனால்தான் சமரசத்தையும் கட்டணத்தையும் நீதிபதி அங்கீகரிக்க வேண்டும் என்றும், வழக்கில் அடங்கியவர் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுப்பலாம் என்றும் விதி இருக்கிறது. விசா, மாஸ்டர்கார்டு வழக்கில் நஷ்டஈடு பெறும் கடைக்காரர்களுக்காகப் புதிதாக 550 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகைக்கு 2018-இல் வேறு சமரசம் ஏற்பட்டது.

ஆனால் இந்தக் குறைகளைக் காட்டிக் கூட்டு வழக்கையே ஒழிக்க நினைப்பதை என்னால் ஏற்க முடியாது. 'இலவசம்' என்று விளம்பரம் செய்த கைபேசிக்கு 30.22 டாலர் விற்பனை வரி வாங்கியதாக ஏடி அண்டு டி நிறுவனத்தின் மீது ஒரு தம்பதியர் வழக்குத் தொடுத்தார்கள். ஒப்பந்தத்தில் தனித்தனியாக மட்டுமே மத்தியஸ்தரிடம் போகலாம் என்றிருக்கும் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு அப்படிப்பட்ட வாசகம் எத்தனையோ ஒப்பந்தங்களில் இடம்பிடித்துவிட்டது. இன்றைக்கு இத்துறை வழக்கறிஞர் ஒரு வழக்கை எடுப்பதற்கு முன் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தப் பொடி எழுத்தைத்தான்.

கேள்வி: என் மகள் சட்டம் முடித்துவிட்டாள். இந்தத் தொழிலை இங்கேயே செய்ய முடியுமா?
- ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: அமெரிக்காவில் உள்ள வடிவில் முடியாது. வெற்றி பெற்றால் பங்கு என்ற கட்டண முறையை நம் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. மூன்று மடங்கு நஷ்டஈடும் இங்கே கிடையாது. இருந்தாலும் கதவு முழுக்கச் சாத்தியிருக்கவில்லை. 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தில் 53என் பிரிவு, போட்டி ஆணையம் தவறு நடந்ததென்று முடிவு செய்த பிறகு, பாதிக்கப்பட்ட பலருக்காகச் சேர்ந்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க இடம் தருகிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 35(1)(சி) பிரிவின்கீழ், ஒரே குறையுள்ள பல நுகர்வோருக்காக ஒருவர் அனுமதி பெற்றுப் புகார் கொடுக்கலாம். கட்டி முடிக்கப்படாத அடுக்குமாடிக் குடியிருப்புகள் தொடர்பான வழக்குகளில் இந்த வழி நன்றாகவே பயன்பட்டிருக்கிறது. மகள் முதலில் நுகர்வோர் ஆணையத்தில் நடக்கும் இத்தகைய புகார் ஒன்றை எடுத்துக்கொண்டு, அனுமதி மனு எப்படி எழுதப்படுகிறது, மற்ற நுகர்வோருக்கு அறிவிப்பு எப்படிப் போகிறது என்பதை அனுபவமுள்ள ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்து கற்றுக்கொள்ளட்டும். அமெரிக்காவுக்கே போக விரும்பினால், நம் சட்டப் பட்டத்தோடு அங்கே எல்எல்எம் முடித்தவர்களை நியூயார்க் போன்ற மாநிலங்கள் சில நிபந்தனைகளுடன் பார் தேர்வு எழுத அனுமதிக்கின்றன. கடன் வாங்கிப் படிக்கவைப்பதற்கு முன், அவள் படிக்கப்போகும் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம் அந்த நிபந்தனைகளுக்குப் பொருந்துமா என்று அம்மாநிலத் தேர்வு வாரியத்துக்கே எழுதிக் கேட்டுவிடுங்கள்.