அகல் விளக்குப் படத்தில் பச்சைப் பொட்டுகள்

கேள்வி: கார்த்திகை தீபத்தன்று வாசலில் வரிசையாக வைத்த அகல் விளக்குகளைப் படம் எடுத்தேன். படத்தின் இருண்ட பகுதியில் பச்சை நிறத்தில் சிறு ஒளிப்பொட்டுகள் தலைகீழ் வரிசையாகத் தெரிகின்றன. லென்ஸ் பழுதாகிவிட்டதா? கேமரா வாங்கியபோதே பாதுகாப்புக்கென்று கடைக்காரர் லென்ஸின் முன்னால் யூவி ஃபில்டர் (புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி) ஒன்றை மாட்டிக் கொடுத்தார்.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: லென்ஸில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை, அந்த ஃபில்டர்தான் காரணமாக இருக்க வேண்டும். ஒரு விளக்கிலிருந்து படத்தின் மையப்புள்ளி வழியாகக் கோடு இழுத்துப் பாருங்கள். மறுபக்கம் அதே தொலைவில் அதற்குரிய பச்சைப் பொட்டு இருக்கும். விளக்கின் ஒளி, கேமராவுக்குள் படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரில் பட்டுத் திரும்பி, லென்ஸ் வழியாக முன்னே வந்து, தட்டையான ஃபில்டர் கண்ணாடியில் மோதி மீண்டும் சென்சாருக்கே போய்ச் சேருவதால் இப்படி நேர்கிறது. பூச்சில்லாத கண்ணாடி தன் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். பல அடுக்குப் பூச்சுள்ள நல்ல ஃபில்டரில் இது அரை சதவீதத்துக்கும் கீழே இறங்கும் என்றாலும், இருட்டில் சுடர்விடும் விளக்குக்கு அந்தச் சொற்பமே போதும். அடுத்த தீபத்துக்கு ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுங்கள்.

ஃபிலிம் காலத்தில், தொலைதூர மலைகள் நீலம் பாய்ந்து மங்கலாகத் தெரியாமலிருக்க யூவி ஃபில்டர் உதவியது. இன்றைய டிஜிட்டல் கேமராக்களில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அடுக்கு பொதுவாகச் சென்சாருக்கு முன்னாலேயே இருப்பதால், யூவி ஃபில்டர் இப்போது வெறும் கண்ணாடி மூடிதான். கடற்கரையில் உப்புச்சாரல் அடிக்கும்போதும், கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கும் இடத்திலும் அந்த மூடி அவசியம். அடிபடுவதிலிருந்து அது காக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள்; லென்ஸின் தடித்த முன்கண்ணாடி தாங்கிக்கொள்ளும் அடியில்கூட மெல்லிய ஃபில்டர் உடையலாம், அதன் சில்லுகளே லென்ஸைக் கீறலாம்.

கேள்வி: லென்ஸின் முனையில் மாட்டும் ஹூட் என்ற மறைப்பு வெயிலுக்கு மட்டுந்தானா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: படத்துக்கு வெளியே, பக்கவாட்டிலிருந்து வரும் எந்த ஒளியையும் அது மறைக்கும், இரவில் தெருவிளக்குக்கும் இது பொருந்தும். படத்துக்குள்ளேயே இருக்கும் விளக்கை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அடியைத் தாங்குவதும் ஹூட்தான். மண்டபப் படிக்கட்டில் ஒருமுறை என் கேமரா கைநழுவி விழுந்தபோது ஹூட்டின் விளிம்பு பிளந்ததே தவிர, லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. பலர் அதைத் திருப்பி மாட்டியபடியே படம் எடுக்கிறார்கள். குடையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலில் நடப்பதற்கு ஒப்பானது அது. இதழ் வடிவ ஹூட்டைச் சொடுக்கென்று சத்தம் கேட்கும்வரை திருகுங்கள், இல்லாவிட்டால் படத்தின் மூலைகள் கறுத்துவிடும். கேமராவிலேயே உள்ள ஃபிளாஷைப் பயன்படுத்தும்போது ஹூட்டைக் கழற்றிவிட வேண்டும்; இல்லையேல் படத்தின் கீழ்ப்பகுதியில் அரைவட்ட நிழல் விழும்.

கேள்வி: ஃபில்டர் இறுகிக்கொண்டு கழற்ற வரவில்லை.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: குறடு வேண்டாம். விரல்களால் இறுக்கிப் பிடித்தால் வளையம் நெளிந்து மேலும் இறுகும். விளிம்பைச் சுற்றி அகலமான ரப்பர் பேண்டு ஒன்றை மாட்டி, உள்ளங்கையால் சமமாகப் பற்றி, அழுத்தாமல் இடப்பக்கமாகத் திருப்புங்கள்.