காது சரி, வகுப்பில் மட்டும் ஏன் கேட்பதில்லை?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. வீடு அமைதியாக இருக்கும்போது கூப்பிட்டால் உடனே வருகிறான். மிக்ஸியோ டிவியோ ஓடினால் எதற்கும் “என்னம்மா?” என்கிறான். வகுப்பில் கவனமே இல்லை என்கிறார் ஆசிரியை. காது பரிசோதனையில் குறை இல்லை என்று வந்தது. வேறு இடத்தில் மறுபடியும் பரிசோதிக்கலாமா?

பதில்: அதே பரிசோதனை என்றால் பெரும்பாலும் அதே முடிவுதான் வரும், பணத்தை மிச்சப்படுத்துங்கள். ஒலி புகாத அறையில் ஹெட்ஃபோன் மாட்டி, ‘பீப்’ கேட்டால் கையைத் தூக்கு என்பார்கள். காது எவ்வளவு மெல்லிய ஒலியைப் பிடிக்கிறது என்பது மட்டும் அதில் தெரியும். மின்விசிறி இரைய, நாற்பது பிள்ளைகள் சலசலக்க, ஆசிரியை சொன்னது ‘பத்து’ என்றா ‘பட்டு’ என்றா எனப் பிரித்தறிவது மூளையின் வேலை. அதில் வரும் தடுமாற்றத்தைத்தான் செவிவழிச் செயலாக்கக் குறைபாடு என்கிறோம். நல்ல அறிவுள்ள பிள்ளைக்கும் இது இருக்கலாம்.

உங்கள் மகனுக்கு இதுதான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். ஏடிஹெச்டி (கவனக்குறைவும் மிகுதியான துறுதுறுப்பும்), டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்), மொழி வளர்ச்சிக் குறைபாடு எல்லாமே வகுப்பறையில் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும். சிலரிடம் சேர்ந்தே இருக்கும். சளி பிடிக்கும்போது நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. அது வந்து போகும் என்பதால் பரிசோதனை நாளில் கண்ணில் படாமல் போயிருக்கலாம். எனவே முதலில் டிம்பனோமெட்ரி, அதாவது காதுக்குள் காற்றழுத்தத்தை மாற்றி செவிப்பறை சரியாக அசைகிறதா என்று பார்க்கும் சோதனை, செய்யுங்கள். அதன்பிறகு செயலாக்கச் சோதனைகள்: இரண்டு காதுகளிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு எண்களைக் கேட்கவைத்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள், இரைச்சலுக்கு நடுவே சொற்களைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். 7 வயதுக்கு முன் இவற்றின் முடிவுகளை நம்புவது கடினம். உங்கள் மகன் அதைத் தாண்டிவிட்டான். ஆனால் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளையை ஆங்கிலச் சொற்களால் சோதித்தால், தடுமாறுவது காதா மொழியா என்று தெரியாது. தமிழில் செய்வார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

இதற்கு மாத்திரை கிடையாது. பேச்சு, செவித்திறன் நிபுணரிடம் பயிற்சி உண்டு. எந்தச் சோதனையில் பிள்ளை சறுக்கினானோ அதற்கேற்பப் பயிற்சி அமைய வேண்டும். குறிப்பிட்ட இசையைக் கேட்டால் மூளை சீராகும் என்று விற்கிறார்களே, அவற்றுக்கு உறுதியான ஆதாரம் இல்லை. நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

முடிவு வரும்வரை காத்திருக்காமல் நாளையே செய்யக்கூடியது, வகுப்பில் அவன் உட்காரும் இடத்தை மாற்றுவது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். மூடிய அறையில் எதிரொலியும் சேர்ந்து குழப்பும். முன்வரிசை, ஜன்னலும் மின்விசிறியும் தள்ளி இருக்கும் இடமாகப் பார்த்துக் கேளுங்கள். குறைபாடு உறுதியானால், ஆசிரியையின் குரலை மைக்கிலிருந்து நேரே பிள்ளையின் காதுக்கு அனுப்பும் கருவியும் இருக்கிறது. அது விலை கூடியது. வாங்குமுன் சில வாரங்கள் சோதித்துப் பார்க்கத் தருவார்களா என்று கேளுங்கள்.

ஆசிரியையிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். “புரிந்ததா?” என்றால் எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டுவார்கள். வீட்டுப்பாடம் என்ன என்று அவன் வாயாலேயே ஒருமுறை, அதட்டாமல், சொல்லவைக்கட்டும்.