ஒன்பது லட்சமும் மாதம் முப்பதாயிரமும்: குழந்தைகள் இல்லத்துக்கு எதைக் கொடுத்தால் நிலைக்கும்?

கேள்வி: நாங்கள் 1998-இல் சென்னையில் பிளஸ் டூ முடித்த 42 பேர். எங்களிடம் 9 லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. மாதம் 30,000 ரூபாய் தொடர்ந்து தரவும் தயாராக இருக்கிறோம். தாம்பரத்தைத் தாண்டி 45 பிள்ளைகள் உள்ள ஓர் இல்லத்தைப் பார்த்து வைத்திருக்கிறோம். சோலாரும் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரமும் வைத்துக் கொடுக்கலாம் என்கிறார்கள் சிலர். துணிப்பை தைக்கும் கூடம் அமைத்துக் கொடுத்தால் இல்லம் சொந்தக் காலில் நின்றுவிடும் என்கிறார்கள் வேறு சிலர். முழுத் தொகையையும் வங்கியில் வைப்புநிதியாகப் போட்டு வட்டியைக் கொடுப்போம் என்பது மூன்றாவது கட்சி. எங்களில் ஒன்பது பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். இவற்றில் எது நீடிக்கும்? (வாசகர், நங்கநல்லூர்)

பதில்: இல்லங்களின் கணக்குகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் எனக்கு, உங்கள் கேள்வியைப் படித்ததும் நினைவுக்கு வந்தது ஓர் இல்லத்தின் சமையற்கட்டுப் பின்புறம். அங்கே நன்கொடையாளர் பெயர் பொறித்த தகட்டுடன் ஓர் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தது, அதன் மேல் பிள்ளைகளின் சீருடைப் பாவாடைகள் காய்ந்துகொண்டிருந்தன, பக்கத்திலேயே விலைக்கு வாங்கிய இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள் அடுக்கப்பட்டிருந்தன. இயந்திரம் ஒன்றும் மட்டமானது இல்லை. உள்ளிருக்கும் சவ்வை மாற்றவேண்டிய காலம் வந்தபோது, அதற்கான பணம் இல்லத்தின் எந்தச் செலவுத் தலைப்பிலும் இல்லை, அவ்வளவுதான். கொடுத்தவர்களைக் கேட்டபோது, நாங்கள்தான் புது இயந்திரமே கொடுத்துவிட்டோமே என்றார்களாம்.

ஆகவே எந்தத் திட்டத்தை எடுத்துக்கொண்டாலும், மூன்றாம் ஆண்டில் அதற்கு என்ன செலவு வரும், அதை யார் கொடுப்பார் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு விடை இல்லாத திட்டத்தை விட்டுவிடலாம்.

இல்லத்தின் பணவோட்டத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அநேகமாக எல்லா இல்லங்களின் அலுவலக அறையிலும் சாப்பாட்டு முன்பதிவுக்கென்று ஒரு பலகை இருக்கும். பிறந்தநாள், திருமணநாள், தாத்தாவின் திதி என்று ஞாயிற்றுக்கிழமைகள் மாதக்கணக்கில் முன்னதாகவே நிரம்பிவிடும். ஒரே ஞாயிறன்று மதியம் ஒரு பிரியாணி, இரவு இன்னொரு பிரியாணி என்று வந்து, செவ்வாயன்று ரசமும் அப்பளமும் என்று முடிந்த வாரங்களை நான் பார்த்திருக்கிறேன். நோட்டுப் புத்தகங்கள் தேவைக்கு மேல் குவியும். ஆனால் ஜூன் மாதத்தில் பேருந்துக் கட்டணம், சிறப்புக் கட்டணம், காலணி என்று கையில் ரொக்கம் தேவைப்படும் நேரத்தில் பணப்பெட்டி காலியாக இருக்கும். இவற்றுக்கிடையே, இரவில் காய்ச்சல் கண்ட பிள்ளையின் அருகில் உட்கார்ந்திருக்கும் இல்லத்தாய்க்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. சம்பளத்துக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை என்பதால் அதற்கு நன்கொடையும் எளிதில் வருவதில்லை. பணியாளர் ஆண்டுதோறும் மாறினால் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு பிரிவு நேர்கிறது. இது கணக்கில் வராத செலவு.

இனி உங்கள் மூன்று யோசனைகள். வைப்புநிதியை ஒரு சின்னக் கணக்கிலேயே முடித்துவிடலாம். 9 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 63,000 ரூபாய், மாதத்துக்கு 5,250 ரூபாய். 45 பிள்ளைகளுக்குப் பகிர்ந்தால் தலைக்கு மாதம் 117 ரூபாய். விலைவாசி ஏற ஏற அதுவும் தேயும். அதற்காக வைப்புநிதியே வேண்டாம் என்று சொல்லவில்லை; அதற்கு வேறொரு பயன் உண்டு, பிறகு சொல்கிறேன்.

சோலார் ஓரளவு நல்ல யோசனை. சென்னை வெயிலில் 1 கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 5 கிலோவாட் வைத்தால் இரண்டு மாதப் பில்லில் ஏறத்தாழ 1,200 யூனிட் குறையும். இதற்கு நிழல் விழாத 500 சதுர அடி மொட்டைமாடி வேண்டும். பணத்தைக் கொடுப்பதற்கு முன், இல்லத்தின் மின் இணைப்பு எந்தக் கட்டணப் பிரிவில் இருக்கிறது என்று அட்டையைப் பாருங்கள். சலுகைக் கட்டணத்தில் இருக்கும் இல்லத்துக்கு மிச்சமாகும் தொகை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கும். இன்னொன்றைப் பலர் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறார்கள்: பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைத்த சோலார், வாரியத்தின் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரம் இருளில் கிடந்ததைப் போன்ற ஒரு நாளில், மாடி நிறையத் தகடு இருந்தும் இல்லத்தில் விளக்கு எரியாது. இரவு விளக்குக்கும் மின்விசிறிக்கும் தனியாக இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். பேட்டரியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். தகட்டின் சட்டங்கள் புயல்காற்றுக்குத் தாங்குமாறு தளத்தில் பிணைக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் கேளுங்கள். 2016-இன் வர்தாவை யாரும் மறந்திருக்க முடியாது.

துணிப்பைக் கூடத்தைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கிய பிறகு துணிப்பைக்குக் கிராக்கி இருப்பது உண்மைதான். ஆனால் இல்லத்தில் யார் தைப்பார்கள்? 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பது, 2016-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, எந்தத் தொழிலிலும் தவறு. அதற்கு மேற்பட்டவர்கள் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் படிக்க வேண்டியவர்கள். தங்கள் சோற்றுக்குத் தாங்களே சம்பாதிக்க வேண்டும் என்ற எண்ணத்தை அவர்கள் மனத்தில் விதைப்பதற்கு நமக்கு எந்த உரிமையும் இல்லை. வேலைக்கு ஆள் வைத்து நடத்தினால் அது ஒரு வியாபாரம். வியாபாரத்துக்குரிய நட்டமும் அதில் வரும். தையல் இயந்திரங்களை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பிள்ளைகளின் தாய்மார்களுக்கு வாங்கிக் கொடுங்கள்.

தாய்மார்களா, அவர்கள் இருந்தால் பிள்ளைகள் ஏன் இல்லத்துக்கு வருகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். இல்லங்களைப் பற்றிப் பேசும்போது அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். அநாதை இல்லம் என்று நாம் பேச்சுவழக்கில் சொன்னாலும், அங்குள்ள பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தந்தையோ பாட்டியோ இருக்கிறார்கள். கணவர் இறந்து, கட்டட வேலைக்கோ வீட்டுவேலைக்கோ போகும் ஒரு பெண், மூன்று பிள்ளைகளில் இருவரையாவது வயிறாரச் சாப்பிடட்டும், படிக்கட்டும் என்று கொண்டுவந்து விடுகிறார். கம்போடியாவில் 2011-இல் அரசும் யூனிசெஃபும் சேர்ந்து ஆராய்ந்தபோதும் இல்லப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருந்தது தெரியவந்தது. அங்கே வெளிநாட்டுப் பயணிகள் வந்து பார்த்து நன்கொடை தரத் தொடங்கியதும், அந்தப் பணத்துக்காகவே இல்லங்கள் பெருகின. வறுமை ஒன்றையே காரணமாகக் காட்டிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று 2009-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன.

இதற்கு அறிவியல் சான்றும் உண்டு. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியினரைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, இரு பிரிவினரின் வளர்ச்சியையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். குடும்பத்துக்குச் சென்றவர்கள், குறிப்பாக இரண்டு வயதுக்குள் சென்றவர்கள், அறிவு வளர்ச்சியிலும், வளர்ப்பவரோடு கொள்ளும் பற்றுறவிலும் முன்னேறினார்கள். ருவாண்டா 2013-இல், பிள்ளைகளைக் குடும்பத்தில் வளர்ப்போம் என்று பொருள்படும் பெயரோடு ஒரு தேசியத் திட்டத்தையே தொடங்கி, இல்லப் பிள்ளைகளை உறவினரிடமும் வளர்ப்புக் குடும்பங்களிடமும் சேர்த்தது. இதைப் படித்துவிட்டு நாளைக்கே இல்லங்களை மூடிவிட வேண்டும் என்று யாரும் கிளம்ப வேண்டாம். யாருமே இல்லாத பிள்ளை உண்டு. வீட்டிலேயே ஆபத்து உள்ள பிள்ளையும் உண்டு. அவர்களுக்கு நல்ல இல்லம் வேண்டும், நல்ல இல்லத்தாய் வேண்டும்.

நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமே குடும்பம், இல்லம் ஆகிய இந்த இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறது. அதன் 45-ஆவது பிரிவு, குடும்பத்திலேயே பிள்ளையை வளர்க்க உதவும் நிதி ஆதரவைப் பற்றிப் பேசுகிறது. தனிமனிதரோ உங்களைப் போன்ற ஒரு குழுவோ அதை ஏற்கலாம். மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் அரசு இதற்காகத் தரும் தொகை ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். அதே 4,000 ரூபாயை அளவுகோலாக வைத்துக்கொண்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அரசு அலுவலகத்தின் வழியாக நீங்களும் சில குடும்பங்களைத் தாங்கலாம். குடும்பங்களை நீங்களே தேடிப் போகாதீர்கள்; தெருவில் நாலு பேர் முன்னால் நன்கொடை வாங்கும் தாயின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

பணம் தரும் முன் சில சரிபார்ப்புகள். அந்தச் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்று ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதில் எத்தனை பிள்ளைகளுக்கு அனுமதி என்பதும் இருக்கும். பதிவில்லாமல் நடத்துவது தண்டனைக்குரியது. அறக்கட்டளைப் பதிவுப் பத்திரத்தைக் காட்டிவிட்டு இதுதான் பதிவு என்பார்கள். இரண்டும் வேறு வேறு. ஒவ்வொரு பிள்ளையும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு அங்கே இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்டால் போதும், பிள்ளைகளின் கோப்புகளைக் காட்டச் சொல்லாதீர்கள். காட்ட முன்வரும் இல்லத்தின் மேல் எனக்கு நம்பிக்கை குறைந்துவிடும்.

வரி விஷயம் சுருக்கமாக: நன்கொடைக்கு 80ஜி என்று நாம் பழகிய வருமான வரி விலக்கு, புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்குக் கிடையாது, பழைய முறையில் இருப்பவர்களும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. எல்லாப் பணத்தையும் ஒரு நண்பரின் சேமிப்புக் கணக்கில் திரட்டாமல், ஒவ்வொருவரும் இல்லத்தின் வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்பினால் ரசீதும் அவரவர் பெயரில் வரும், அந்த நண்பரும் வருமான வரிக் கேள்விகளிலிருந்து தப்பிப்பார்.

வெளிநாட்டு நண்பர்கள் ஒன்பது பேரில் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. அமெரிக்க, சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டவர்களின் பணம், அவர்களிடம் இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க இல்லத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும், 2020-இன் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். இங்கிருக்கும் மச்சான் கணக்கில் போட்டு இல்லத்துக்குத் தள்ளிவிடலாம் என்ற சுற்றுவழி வேண்டாம், மாட்டிக்கொள்வது இல்லம்தான்.

படம் எடுக்கும் வழக்கத்தையும் இப்போதே நிறுத்திவிடுங்கள். பிள்ளைகளின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடைசெய்கிறது. ஆறு மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குச் சான்று வேண்டுமானால் சம்பளப் பட்டியலின் நகலும் பழுதுபார்த்த ரசீதும் போதும்.

இனி என் யோசனை. மாதம் 30,000 ரூபாயில் 18,000 ரூபாயை ஓர் இல்லத்தாயின் ஊதியத்துக்கும் வருங்கால வைப்புநிதிக்கும் என்று குறித்துக் கொடுங்கள். மீதி 12,000 ரூபாயில் மாதம் 4,000 வீதம் மூன்று பிள்ளைகளைத் தங்கள் குடும்பத்திலேயே தங்க வைக்கலாம். 9 லட்சத்தில் 3 லட்சத்து 60 ஆயிரத்தை, குறித்த நோக்கத்துக்கான நன்கொடை என்ற கடிதத்தோடு இல்லத்தின் பெயரில் தனி வைப்புநிதியாகப் போடச் சொல்லுங்கள். அது உங்கள் மாதத் தொகையின் ஓர் ஆண்டு அளவு. 42 பேர் நாளாவட்டத்தில் 25 பேராகக் குறைவது இயல்பு. அன்று இல்லத்தாயின் வேலையும் அந்த மூன்று குடும்பங்களும் ஒரே மாதத்தில் கைவிடப்படாமல் இருக்க இதுதான் காப்பு. வைப்புநிதிக்குப் பயன் உண்டு என்றேனே, இதைத்தான் சொன்னேன். 3 லட்சத்தைக் கட்டடத்துக்கு ஒதுக்கலாம். ஆனால் சோலாரா, கழிப்பறையா, மின்கம்பி மாற்றமா என்பதை இல்லத்தார் சொல்லட்டும்.

மீதியுள்ள 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாயை 18 வயது நிறைந்து வெளியேறும் பிள்ளைகளுக்கு வைத்துவிடுங்கள். அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, வெளியேறிய பிறகான பின்தொடர் பராமரிப்புக்கு வழி செய்தாலும், கல்லூரி விடுதிக்கு முன்பணம், வாடகை அறைக்கு அட்வான்ஸ், முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு, சாதிச் சான்றிதழுக்கும் ஆதார் திருத்தத்துக்கும் அலைய ஆகும் செலவு ஆகியவற்றுக்குக் கேட்க ஆள் இல்லாமல் திணறும் வயது அது.

இந்த ஏற்பாட்டை மூன்று ஆண்டுகளுக்கு என்று ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். விலகுவதாக இருந்தால் ஓர் ஆண்டு முன்னதாகச் சொல்வது என்ற வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லத்துக்கு அடுத்த முறை செல்லும்போது சாப்பாட்டு நேரத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் தவிர்த்து, ஒரு வேலைநாளில் காலை பதினொரு மணிக்குப் போங்கள். பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். இல்லத்தாயும் கணக்கு எழுதுபவரும் உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.