நோயுற்ற காக்டெயில் கிளிக்கு வாயில் மருந்து கொடுப்பது எப்படி?

கேள்வி: எங்கள் காக்டெயில் பறவை இரண்டு நாளாக இறகை உப்பிக்கொண்டு கூண்டின் மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. எச்சம் பச்சையாக, தண்ணீர்போல் போகிறது. கோழிகளுக்காக வாங்கி வைத்திருந்த ஆன்டிபயாடிக் பவுடரைக் குடிதண்ணீரில் கலந்து வைத்தேன், குடிக்கவே இல்லை. ஃபில்லரால் வாயில் விட்டபோது இருமியது, மூக்கு வழியாகவும் மருந்து வந்துவிட்டது. பயந்து நிறுத்திவிட்டேன். இதற்கு எப்படித்தான் மருந்து கொடுப்பது?

பதில்: நீங்கள் நிறுத்தியது சரி. அந்தப் பவுடர் தண்ணீரையும் இப்போதே எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் வையுங்கள். இன்றே பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பறவைகள் நோயை மறைக்கும். வெளியே தெரியும் அளவுக்கு உப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் நோய் உள்ளே முற்றியிருக்கிறது என்றுதான் பொருள். மூக்கு வழியாக மருந்து வந்ததை மறக்காமல் சொல்லுங்கள், நுரையீரலைக் கேட்டுப் பார்ப்பார். பச்சை எச்சத்தை வைத்து இன்ன நோய் என்று சொல்லிவிட முடியாது. பறவை சாப்பிடாமல் இருந்தாலே பித்தநீர் மட்டும் இறங்கி எச்சம் பச்சையாகும். அதனால் புது எச்சத்தை ஒரு சுத்தமான தாளில் எடுத்துக்கொண்டு போவது நல்லது.

கோழிப் பண்ணையில் தண்ணீரில் மருந்து கலப்பது பலிக்கிறது. நூற்றுக்கணக்கான கோழிகள் இருக்கும்; சராசரியாக எவ்வளவு குடிக்கும் என்று கணக்குப் போடலாம். கூண்டில் இருக்கும் ஒற்றைப் பறவைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. காக்டெயிலும் பட்ஜி என்ற சிறு கிளியும் ஆஸ்திரேலியாவின் வறண்ட பகுதியிலிருந்து வந்தவை. இயல்பிலேயே கொஞ்சமாகத்தான் குடிக்கும். நோய் வந்தால் அதையும் குறைத்துவிடும், கசந்தால் கிட்டவே போகாது. மருந்தும் சேராமல் தண்ணீரும் குடிக்காமல் கிடந்தால் உடல் இன்னும் வறண்டு போகும். மருத்துவர் குறிப்பாகச் சொன்னால் தவிர, தண்ணீரில் கலக்க வேண்டாம்.

அளவில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். காக்டெயில் ஏறத்தாழ 80 முதல் 110 கிராம்தான் இருக்கும். ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் என்று மருத்துவர் கணக்கிட்டால், 90 கிராம் பறவைக்கு 1.35 மில்லிகிராம். ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் உள்ள மருந்தாக இருந்தால் கொடுக்க வேண்டியது சுமார் 0.13 மில்லி, அதாவது இரண்டு மூன்று சொட்டு. (இது கணக்கைக் காட்டத்தான், உங்கள் பறவைக்கான அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.) 0.1 என்பதை 1 என்று படித்துவிட்டால் பத்து மடங்கு உள்ளே போய்விடும். அதனால் ஃபில்லரை ஒதுக்கிவிடுங்கள். ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்ச் வாங்கி, எந்தக் கோடுவரை என்று மருத்துவரிடமே காட்டி, அங்கேயே பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். இன்சுலின் சிரிஞ்ச் வேண்டாம். அதில் கோடுகள் யூனிட் கணக்கில் இருக்கும், குழப்பம் வரும்.

இனி வாயில் விடும் முறை. உங்கள் பறவை ஏன் இருமியது என்று புரிந்துகொண்டால் முறை தானாகப் புரியும். பறவைக்கு மூச்சுக்குழாயின் வாசல் நாக்கு முடியும் இடத்துக்குச் சற்றுப் பின்னாலேயே, வாயின் நடுவில் இருக்கிறது. நேராக நாக்கின்மேல் வேகமாக விட்டால் மருந்து அதற்குள்தான் இறங்கும். உணவுக்குழாய் கழுத்தின் வலப்பக்கமாகப் போகிறது. எனவே பறவையின் இடது வாயோரத்தில் சிரிஞ்ச் முனையை வைத்து, அதன் வலப்பக்கம் பார்த்தாற்போல் சாய்த்து விட வேண்டும்.

பறவையைப் பிடிப்பதற்கு முன்பே எல்லாம் தயாராக இருக்கட்டும். மருந்தைக் குலுக்கி, அளவெடுத்து வையுங்கள். குளிர்பெட்டியில் இருந்த மருந்தாக இருந்தால் சிரிஞ்சைக் கையில் மூடிக் குளிர் விடும்வரை பிடித்திருங்கள். மின்விசிறியை நிறுத்தி, கதவு ஜன்னலைச் சாத்தி, விளக்கைக் குறையுங்கள். மங்கலான வெளிச்சத்தில் பறவை அவ்வளவாகப் படபடக்காது. ஒரு மெல்லிய துண்டால் பின்புறமாகப் போர்த்திப் பிடித்து, கட்டைவிரலும் நடுவிரலும் தாடையின் இரு பக்கமும் இருக்கும்படி தலையை நிறுத்துங்கள். முதுகு உள்ளங்கையில் இருக்கட்டும்.

மார்பை மட்டும் அழுத்தவே கூடாது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. நமக்கு இருப்பதுபோல் மூச்சுக்கு உதவும் உதரவிதானம் பறவைக்குக் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். பறந்துவிடுமோ என்று பயந்து இறுக்கிப் பிடிக்கிற கையிலேயே பறவை மூச்சடைத்துச் செத்துப்போகும். துண்டு முன்பக்கம் தளர்வாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

பறவையை நிமிர்த்திப் பிடித்து ஒரு சொட்டு விடுங்கள். நாக்கு அசைந்து விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த சொட்டு. அவசரம் வேண்டாம். அதே சமயம் பிடித்தது முதல் விடுவதுவரை ஒரு நிமிடத்துக்கு மேல் போகவும் கூடாது. தலையை உதறிக் கொஞ்சம் சிந்திவிட்டால், முழு அளவையும் மறுபடி கொடுக்காதீர்கள். எவ்வளவு போனது என்று நமக்குத் தெரியாது. இருமினாலோ மூக்கில் குமிழி வந்தாலோ உடனே நிறுத்தி, தலையைச் சற்றுக் கீழே சாய்த்துவிட்டுக் கூண்டில் விட்டுவிடுங்கள். வாய் பிளந்து மூச்சு வாங்குகிற, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுகிற பறவையைப் பிடிக்கவே வேண்டாம். அந்த நிலையில் ஊசி போடுவதா வேறு வழியா என்று மருத்துவர் முடிவுசெய்யட்டும்.

முடிந்ததும் அலகைச் சுற்றி ஒட்டிய மருந்தை ஈரப் பஞ்சால் துடைத்துவிடுங்கள். காய்ந்தால் இறகு பிசுபிசுத்து அது சொறிந்துகொண்டே இருக்கும்.

மருந்தைப் போலவே சூடும் முக்கியம். கூண்டின் மூன்று பக்கம் துணி போர்த்தி, ஒரு ஓரத்தில் வெளியிலிருந்து சூடு கொடுத்து 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்கும்படி பாருங்கள். மறு ஓரம் சூடில்லாமல் இருக்கட்டும், வேண்டுமானால் பறவை அங்கே நகர்ந்துகொள்ளும். சிறகை உடம்பிலிருந்து விலக்கி வைத்து மூச்சிரைத்தால் சூடு அதிகம். குச்சியையும் தீனிக் கிண்ணத்தையும் தரையோரம் இறக்கி வையுங்கள். வேறு பறவைகள் இருந்தால் தனியே பிரித்துவிடுங்கள்.

டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால், கூண்டில் தொங்கும் கடல் நுரையையும் (கணவாய் ஓடு) மினரல் கட்டியையும் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். கால்சியம் அந்த மருந்தோடு சேர்ந்து உடலில் ஏறவிடாமல் செய்துவிடும். இரண்டு நாளில் தெளிந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்தக் கூடாது. கிளிக்காய்ச்சல் (சிட்டகோசிஸ் என்ற பாக்டீரியா நோய்) என்று தெரிந்தால் 45 நாள்வரைகூடக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரட்டிப்பாக்கவும் வேண்டாம். கிளிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும். அதனால் கூண்டைச் சுத்தம் செய்யும்போது மாஸ்க் போட்டு, எச்சத்தை ஈரப்படுத்தித் துடையுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல், வறட்டு இருமல் வந்தால் பறவை நோயுற்றதை உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், கிராம் காட்டும் சிறிய தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் காலையில் தீனி வைப்பதற்கு முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். 90 கிராம் இருந்த பறவை 81-க்கு வந்துவிட்டால், பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.