பார்க்கைக் காலி செய்ய யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: சயான் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எங்கள் சொசைட்டி. எதிரே மாநகராட்சி பார்க். மழை முடிந்ததிலிருந்து பார்க்குக்கு உள்ளேயும் கம்பிவேலியை ஒட்டியும் இருபது பேர் வரை தார்ப்பாய் கட்டித் தங்கியிருக்கிறார்கள். சாயங்காலம் நடக்கப் போகப் பயமாக இருக்கிறது. குழந்தைகள் ஊஞ்சல் பக்கமே போவதில்லை. நாற்பதாயிரம் கொடுத்தால் ஒரே ராத்திரியில் காலி செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார், கமிட்டியில் பாதிப் பேருக்குச் சம்மதம். இப்போது விட்டால் அவர்களுக்கு அங்கேயே உரிமை வந்துவிடும் என்றும் பயமுறுத்துகிறார்கள். அங்கே ஒரு தமிழ்க் குடும்பமும் இருக்கிறது. கள்ளக்குறிச்சிப் பக்கமாம், இரண்டு பெண் குழந்தைகள். அவர்களையாவது டிக்கெட் எடுத்து ஊருக்கு அனுப்பிவிடலாமா? முறைப்படி என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, சயான், மும்பை

பதில்: முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த நாற்பதாயிரத்தைக் கொடுக்க வேண்டாம், அம்மா. நாலாயிரம் கேட்டாலும் வேண்டாம். கமிட்டியில் தீர்மானம் போட்டிருந்தால் நாளைக்கே ரத்து செய்யுங்கள்.

இப்படிக் காலி செய்து தருகிறேன் என்று வரும் தலால்களை (தரகர்களை) வக்கீலாக இருபது வருடமாகப் பார்க்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு நாலைந்து பேரோடு வந்து தார்ப்பாயை அறுப்பார்கள், பாத்திரத்தைத் தூக்கி வீசுவார்கள். தூங்கியவர்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ரயில் பாலத்தடிக்குப் போவார்கள். உங்கள் பார்க் மூன்று வாரம் காலியாக இருக்கும். அப்புறம் அதே இடத்தில் வேறு பத்துப் பேர் வந்து படுப்பார்கள், அந்த இடத்துக்கு வாராவாரம் ஹப்தா (மாமூல்) வாங்குபவனும் அதே ஆளாகத்தான் இருப்பான். எனக்குத் தெரிந்த ஒரு சொசைட்டி ஒரே வருடத்தில் ஒரே ஆளுக்கு மூன்று முறை பணம் கொடுத்தது. மிரட்டுவதும் அடிப்பதும் பொருளை நாசம் செய்வதும் குற்றம். பணம் கொடுத்து ஏவியவர்களும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தச் செலவைச் சொசைட்டிக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள் என்று உங்கள் பொருளாளரைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, மாநகராட்சி அவர்களை வெளியேற்றலாமா? வெளியேற்றலாம். பார்க் எல்லோருக்கும் பொது, அங்கே குடியிருக்க யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் செய்யக்கூடாது. இது நம் ஊர் வழக்கிலேயே தீர்ந்த விஷயம். 1981-ல் அன்றைய முதல்வர் அந்துலே, நடைபாதையில் வசிப்பவர்களைப் பிடித்துச் சொந்த ஊருக்கே அனுப்பிவிடச் சொன்னார். அதை எதிர்த்துப் போன வழக்கில் 1985 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பு சொன்னார்கள். பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும்; அகற்றலாம், ஆனால் சாதாரணமாக முன்கூட்டிச் சொல்லி, அவர்கள் தரப்பைக் கேட்டுவிட்டுத்தான் அகற்ற வேண்டும். அந்த ஆண்டு மழை கழியும்வரை, அக்டோபர் 31 வரை, கை வைக்கக்கூடாது என்றும் சொன்னார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 'எதை இடித்தாலும் பதினைந்து நாள் நோட்டீஸ் கட்டாயம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை உங்களிடம் யாராவது காட்டுவார்கள். அது 2024 நவம்பர் 13-ல், குற்றம் சாட்டப்பட்டவர்களின் வீடுகளை இடிப்பதை எதிர்த்த புல்டோசர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உண்மைதான். ஆனால் சாலை, தெரு, நடைபாதை, தண்டவாளத்து ஓரம், ஆறு, நீர்நிலை போன்ற பொது இடங்களில் அனுமதியில்லாமல் எழுந்தவற்றுக்கு அது பொருந்தாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. பார்க் என்ற சொல் அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. இருந்தாலும் 'போன்ற பொது இடம்' என்பதில் மாநகராட்சி பார்க்கைச் சேர்த்துக்கொள்ளும், நீதிமன்றமும் அதை ஏற்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். அதனால் அந்தப் பதினைந்து நாளை நம்பி உட்கார வேண்டாம் என்று தங்கியிருப்பவர்களிடமும் நான் சொல்வதுண்டு. அதற்காக நோட்டீஸே தேவையில்லை என்று வார்டு ஆபீஸில் சொன்னால் அதையும் ஏற்காதீர்கள். விலக்கு 2024 தீர்ப்பின் பதினைந்து நாளுக்கு மட்டும்தான். 1985 தீர்ப்பு அப்படியே நிற்கிறது. நாள் கணக்கு இல்லை, ஆனால் முன்கூட்டிச் சொல்லும் கடமை இருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் இரண்டு பக்கமும் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

உரிமை வந்துவிடும் என்ற பயம் வேண்டாம். மகாராஷ்டிரத்தில் குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் இலவச வீடு 2000 ஜனவரி 1-க்கு முந்தைய குடிசைகளுக்கு. அதற்கு அப்புறம் 2011 ஜனவரி 1 வரை உள்ளவர்களுக்குப் பணம் கட்டினால் உண்டு. போன மாதம் கட்டிய தார்ப்பாய்க்கு அதில் இடமே இல்லை. இதை உங்கள் கமிட்டிக்குச் சொல்வதைவிட அந்த இருபது பேருக்குச் சொல்வது அவசரம். ஏனென்றால் அவர்களிடமும் ஒரு தலால் வந்திருப்பான். 'ஆயிரம் ரூபாய் கொடு, சர்வேயில் பேர் ஏற்றுகிறேன், குடிசைவாசி என்பதற்கான போட்டோபாஸ் வாங்கித் தருகிறேன்' என்பான். ஏதோ ஒரு சீல் வைத்த பாவ்தியும் (ரசீதும்) கொடுப்பான். அந்தச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உயிரைப் போலப் பாதுகாத்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அது எதற்கும் உதவாது என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய நாள்தான் இந்த வேலையில் எனக்கு மிகவும் கஷ்டமான நாள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. யாரையும் வெளியேற்றுவதற்கு முன்னால் பேர் எழுதுங்கள். கமிட்டியிலிருந்து இரண்டு பேர், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், சாயங்காலம் ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். அன்று போலீஸைக் கூட்டிப் போக வேண்டாம். இருபது பேரும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். உங்கள் இடம் ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்பதால் நாலைந்து பேராவது உள்ளே படுத்திருக்கும் நோயாளியின் சொந்தக்காரர்களாக இருப்பார்கள். பரேலில் டாடா புற்றுநோய் ஆஸ்பத்திரி வெளியே நடைபாதையில் படுத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்களே, அதே கதை. அவர்களை ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரிடம் அனுப்பினால் தர்மசாலை ஏதாவது கிடைக்கும். சிலர் காலையில் நாக்காவில் (கூலியாட்கள் வேலைக்காகக் கூடும் சந்திப்பில்) நின்று கூலிக்குப் போகிறவர்கள். சிலர் குப்பை பொறுக்குகிறவர்கள். ஒருவர் மனநலம் குன்றித் தனியாகப் பேசிக்கொண்டிருக்கலாம். அவரைப் பார்த்துத்தான் குழந்தைகள் பயப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். 2017 மனநலச் சட்டத்தின் 100-வது பிரிவுப்படி அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது காவல் நிலையத்தின் கடமை, லாக்கப்பில் வைக்கக்கூடாது. இந்தப் பிரிவு எண்ணை எழுதி மனுவாகக் கொடுங்கள், வாய்வார்த்தையாகச் சொன்னால் நகராது. கர்ஜத்தில் டாக்டர் பரத் வட்வானி நடத்தும் ஷ்ரத்தா மறுவாழ்வு அமைப்பு இப்படித் தெருவில் திரிகிறவர்களுக்குச் சிகிச்சை கொடுத்துச் சொந்த வீட்டில் சேர்க்கும் வேலையைச் செய்கிறது. அவர்களையும் கேட்டுப் பார்க்கலாம்.

ஒவ்வொருவரிடமும் ஆதார் இருக்கிறதா, ரேஷன் கார்டு எந்த மாநிலம், ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று மூன்று கேள்வி கேளுங்கள். இதைக் கேட்காமல் மாநகராட்சி லாரி வந்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவை பார்த்தேன். காசநோய்க்கு ஆறு மாத மருந்தில் நாலாவது மாதத்தில் இருந்தவர் ஒருவர். மூட்டையோடு மாத்திரையும் ஆதாரும் குப்பை லாரியில் போய்விட்டன. இரண்டு மாதம் மருந்து இல்லாமல் திரிந்து, மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயோடு திரும்பி வந்தார். அந்த லாரியை அனுப்பியவர்கள் பொது சுகாதாரத்துக்காகத்தான் அனுப்பினோம் என்றார்கள்.

பட்டியல் கையில் வந்ததும் எஃப் வடக்கு வார்டு ஆபீஸுக்குப் போங்கள். தோட்டத் துறை, ஆக்கிரமிப்பு அகற்றும் பிரிவு, சமூக வளர்ச்சி அதிகாரி என்று மூன்று மேஜை இருக்கும். எல்லோரும் முதல் இரண்டு மேஜையோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் மூன்றாவது மேஜையில், உதவி ஆணையர் பெயருக்கு, எழுத்தில் கொடுங்கள். இருபது பேரின் விவரம், யாருக்கு இரவுக் காப்பகம் வேண்டும், யாருக்குக் குடும்பத்தோடு தங்க இடம் வேண்டும், எத்தனை நாளில் என்று கேளுங்கள். நகலில் தேதியும் சீலும் வாங்காமல் வெளியே வராதீர்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த மனு என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

'காப்பகத்துக்குக் கூப்பிட்டோம், வர மாட்டேன் என்கிறார்கள்' என்று அங்கே பதில் சொல்வார்கள். எந்தக் காப்பகம் என்று கேளுங்கள். புருஷனை ஒரு இடத்துக்கும் மனைவியை இன்னொரு இடத்துக்கும் அனுப்புவதற்கு யார் சம்மதிப்பார்கள்? காலை ஆறு மணிக்கு சயான் நாக்காவில் நிற்க வேண்டியவர் தூரத்துப் போரிவ்லியில் எப்படித் தூங்குவார்? மத்திய அரசின் நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த விதிப்படி ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு நூறு பேர் தங்கும் நிரந்தரக் காப்பகம் ஒன்று வேண்டும். 2011 கணக்கில் மும்பை 1.24 கோடி, ஆக 124 காப்பகம், 12,400 படுக்கை. அதே கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 இரவு ஒரே ராத்திரியில் எண்ணப்பட்ட வீடற்றவர்கள் 57,000-க்கு மேல். விதியை முழுக்க நிறைவேற்றினால்கூட ஐந்தில் ஒருவருக்குத்தான் கூரை. அந்த விதியின் பக்கத்தில்கூட இந்த நகரம் போனதில்லை. வீடற்றவருக்கும் ஓட்டு உண்டு, தெரியுமா? வாக்காளர் பட்டியலில் சேர்வதற்கான படிவம் 6-ல் படுக்கும் இடத்தைக் குறிப்பிட்டால், தேர்தல் அலுவலர் ராத்திரியில் வந்து அவர் அங்கே தூங்குகிறாரா என்று பார்த்துவிட்டுச் சேர்க்க வேண்டும், முகவரி ஆவணம் கேட்கக்கூடாது. ஓட்டுக்காக ராத்திரி தேடி வர ஒரு விதி எழுத முடிந்த நாட்டில், கூரை கொடுக்கத் தேடி வர ஏன் முடியவில்லை என்று எத்தனையோ கூட்டத்தில் கேட்டுவிட்டேன். குறித்துக்கொள்கிறார்கள், அத்தோடு சரி.

இன்னும் இரண்டு வழியை உங்களுக்குக் காட்டுவார்கள், இரண்டிலும் போகாதீர்கள். ஒன்று, 'பிச்சைக்காரர்கள் என்று புகார் கொடுங்கள், போலீஸ் தூக்கிவிடும்' என்பது. 1959 பம்பாய் பிச்சை ஒழிப்புச் சட்டத்தைத் தில்லி உயர் நீதிமன்றம் 2018-ல் பெரும்பாலும் ரத்து செய்தது, ஆனால் அந்தத் தீர்ப்பு தில்லிக்கு மட்டும். அந்தச் சட்டத்தின் பார்வையில் பிழைப்புக்கு வழி தெரியாமல் பொது இடத்தில் சுற்றினாலே பிச்சைக்காரர்தான், முதல் முறையே ஓராண்டுக்குக் குறையாமல் அடைத்து வைக்கலாம். கூலிக்குப் போகிற அப்பாவை அப்படிக் கொண்டுபோனால் அந்த இரண்டு பெண் குழந்தைகள் ராத்திரி யாரோடு படுப்பார்கள்? இன்னொன்று, பார்க்கைத் தத்தெடுத்துப் பூட்டுப் போடலாம் என்று ஏதாவது அரசியல்வாதியின் ஆள் வருவது. பூட்டினால் நாளைக்கு உங்களுக்கும் உள்ளே போகச் சந்தா கேட்பார்கள். திறந்தவெளிகளைத் தனியாரிடம் விடும் கொள்கைக்கு 2016 ஜனவரியில் மும்பைக்காரர்கள் காட்டிய எதிர்ப்பில் முதல்வரே அதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

நடக்கப் பயமாக இருக்கிறது என்கிறீர்கள், அது நியாயம்தான். அணைந்த விளக்குகளின் கம்ப எண்களைக் குறித்துப் புகார் கொடுங்கள். பக்கத்துக் கட்டணக் கழிப்பறையை ராத்திரியும் திறந்துவைக்கக் கேளுங்கள். பார்க்கில் நாற்றம் வருவதற்குக் காரணம் பத்து மணிக்கு விழும் அந்தப் பூட்டுதான். கஞ்சா விற்கிறவன் யாராவது இருந்தால் அவனைப் பற்றி மட்டும் தனியாகப் போலீஸில் சொல்லுங்கள், அவனுக்காக இருபது பேரையும் சேர்த்து எழுதாதீர்கள்.

கள்ளக்குறிச்சிக் குடும்பத்துக்கு வருகிறேன். அந்த 1985 வழக்கில் மனுதாரர்களில் ஒருவர் சேலத்துக்காரர். வறட்சியில் வேலை போய் 1961-ல் பம்பாய் வந்தவர். தஹிசரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய் கூலி. நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் கூரை போட்டுக்கொள்ள ஒரு குடிசை தாதா அவரிடம் 2,500 ரூபாய் பறித்திருந்தான். அன்றைக்கும் தலால்தான். 1981 ஜூலையில் குடிசையை இடித்துக் குடும்பத்தோடு சேலம் பஸ்ஸில் ஏற்றினார்கள். மனைவியும் மூன்று பெண்களும் அங்கே தங்கினார்கள், அவர் வேலை தேடித் திரும்பி வந்து மறுபடியும் நடைபாதையிலேயே படுத்தார். இதெல்லாம் தீர்ப்பிலேயே இருக்கிறது.

அதனால் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். ஊரில் வீடு இருக்கிறதா, வேலை இருக்கிறதா, போக விருப்பமா என்று அந்த அம்மாவிடம் தனியாகவும் கேளுங்கள். நீங்கள் தமிழில் கேட்டால் உண்மையைச் சொல்வாள். விருப்பம் என்றால் தாராளமாக ரயில் ஏற்றிவிடுங்கள். இல்லையென்றால் அவர்களுடைய தமிழ்நாட்டு ரேஷன் கார்டை எடுத்துப் பாருங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் கார்டாக இருந்து ஆதாரும் இணைந்திருந்தால், 'ஒரே நாடு ஒரே ரேஷன்' முறையில் சயான் கடையிலேயே விரல் வைத்து அரிசி வாங்கலாம். பெண் குழந்தைகளை மாநகராட்சிப் பள்ளியில் சேருங்கள், அங்கே முகவரிச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது. குழந்தைகளின் அப்பா கூலிக்குப் போகிறவர் என்றால் மாத வாடகை கொடுக்க முடியும், டெபாசிட் தொகைதான் அவரைத் தெருவில் நிறுத்தியிருக்கும். நாற்பதாயிரம் எடுத்துவைத்த சொசைட்டி அதில் ஒரு பங்கை அந்த டெபாசிட்டுக்குக் கடனாகக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் இருக்கட்டும், பணத்தை நேராக வீட்டுக்காரர் கையில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நடுவில் யாரும் வேண்டாம்.