எபெனேசர்: தோல்வி கண்ட இடத்துக்கா அந்தப் பெயர்?

பழைய ஏற்பாட்டு இடப்பெயர்களில் நம் வீடுகளுக்குள்ளேயே நுழைந்துவிட்ட ஒன்று எபெனேசர். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

ஐயா, என் மகன் பெயர் எபெனேசர். வீட்டில் 'எபி'. பள்ளியில் அர்த்தம் கேட்டார்களாம். 'உதவி' என்று சொல்லி அனுப்பினேன். சரிதானே?

பாதி சரி அம்மா. ஆனால் நீங்கள் கூப்பிடுகிற பாதியில் உதவி இல்லை, கல்தான் இருக்கிறது. எபிரெயத்தில் 'எவென்' என்றால் கல், 'ஏஸெர்' என்றால் உதவி. இரண்டும் சேர்ந்து 'எவென் ஹா ஏஸெர்', அதாவது உதவியின் கல். பையனிடம் முழுப்பெயரையும் சொல்லச் சொல்லுங்கள்.

எலியேசரில் வருவதும் இதே 'ஏசர்'தானா?

அதேதான். எலியேசர் என்றால் 'என் தேவன் உதவி'. எலெயாசார் என்ற பெயரும் அதே வேரில் பிறந்தது. அதுவே கிரேக்கத்தில் தேய்ந்து லாசரு ஆயிற்று. ஆதியாகமம் 2:18-இல் 'ஏற்ற துணை' என்று படிக்கிறோமே, அங்கே 'துணை' என்பதும் 'ஏஸெர்'தான். தேவனுக்கே பல இடங்களில் வழங்கும் சொல் அது. துணை என்றால் எடுபிடி என்று பிரசங்கிப்பவர்கள் கவனிக்க.

1 சாமுவேல் 7:12-இல்தான் தீர்க்கதரிசி சாமுவேல் கல்லை நிறுத்தி, 'இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்' என்று சொல்லி, எபெனேசர் என்று பெயரிடுகிறார். ஆனால் 4:1-லேயே இஸ்ரவேலர் எபெனேசருக்குச் சமீபத்தில் பாளயமிறங்குகிறார்கள். இது முரண்பாடு இல்லையா, அண்ணே?

இன்று வந்ததில் நல்ல கேள்வி இதுதான், தம்பி. வழக்கமான விளக்கம் எளிது. எழுதியவர் தம் காலத்து வாசகருக்குத் தெரிந்த பெயரை முன்கூட்டியே போடுகிறார். பாரதியார் தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரத்தில் பிறந்தார் என்று நாமும்தான் எழுதுகிறோம். அவர் பிறந்தது 1882, மாவட்டம் உருவானது 1986.

ஆனால் எனக்கு அது போதவில்லை. 4-ஆம் அதிகாரத்து எபெனேசர், எதிரிகளான பெலிஸ்தர் பாளயமிறங்கிய ஆப்பெக்குக்கு எதிரே, கடலோரச் சமவெளி மலையடிவாரத்தைத் தொடுகிற இடத்தில் இருக்கிறது. 7-ஆம் அதிகாரத்துக் கல்லோ மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவே, மலைநாட்டில். மிஸ்பா பொதுவாக அடையாளம் காணப்படுகிற தெல் எந்நஸ்பே என்ற மேட்டுக்கும் ஆப்பெக்குக்கும் நேர்க்கோட்டிலேயே 30 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே இரண்டும் வேறு வேறு இடங்கள் என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள்.

அப்படியானால் சாமுவேல் பழைய பெயரைத் தெரிந்தேதான் எடுத்திருக்கிறார் என்பது என் எண்ணம். முதல் எபெனேசரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பெலிஸ்தரோடு நடந்த முதல் போரில் இஸ்ரவேலர் 4,000 பேர் மடிந்தார்கள். உடனே வழிபாட்டு இடமான சீலோவிலிருந்து, கட்டளைப் பலகைகள் வைத்த உடன்படிக்கைப் பெட்டியைத் தாயத்துப்போலத் தூக்கி வந்தார்கள். அடுத்த போரில் 30,000 பேர் விழுந்தார்கள், பெட்டியும் பறிபோனது. செய்தி கேட்ட ஆசாரியன் ஏலி பிடரி முறிந்து செத்தார். பெலிஸ்தர் பெட்டியை 'எபெனேசரிலிருந்து' அஸ்தோத்துக்குக் கொண்டுபோனார்கள் என்று 5:1 மறுபடியும் அந்தப் பெயரைச் சொல்லிக் குத்துகிறது.

பெலிஸ்தர் திருப்பி அனுப்பிய பெட்டி கீரியாத்யாரீம் என்ற ஊரில் 20 வருஷம் கிடந்த பிறகு மிஸ்பாவில் ஜெயம் வருகிறது. அன்று பெட்டி களத்தில் இருந்ததாக ஒரு வார்த்தைகூட இல்லை. உபவாசமும் பாவ அறிக்கையும் ஜெபமும்தான். அந்த நாளில் நட்ட கல்லுக்கு, கேட்டாலே தலைகுனிய வைக்கிற பெயர்!

முதல் எபெனேசர் இன்று எங்கே?

ஆப்பெக்குக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளியுள்ள இஸ்பெத் சர்தா என்ற மேடாக இருக்கலாம் என்பது பரவலான கருத்து. முடிந்த முடிவு அல்ல. 1976-இல் அங்கே ஐந்து வரி கீறிய பானை ஓட்டுத் துண்டு ஒன்று கிடைத்தது. கடைசி வரி அகரவரிசை. யாரோ எழுதிப் பழகியதுபோல் இருக்கிறது.

நம்ம ஊர் நடுகல் மாதிரி என்று சொல்லலாமா?

கல்லை நடுவது மட்டும் ஒன்று. நடுகல் பெரும்பாலும் போரில் விழுந்த வீரனுக்கு. இதில் எந்த வீரன் பெயரும் இல்லை.

சாமுவேல் சொன்ன 'இம்மட்டும்' என்றால் இதுவரைதானே? டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வருஷா வருஷம் கேட்கிறோம்.

மூலத்தில் 'அத் ஹேன்னா'. 'ஹேன்னா' முதலில் இடத்தைக் குறிப்பது: 'இங்கே வரைக்கும்'. காலத்துக்கும் வரும். சாமுவேல் கல்லைக் காட்டிச் சொல்வதால் இரண்டும் சேர்ந்தே ஒலிக்கிறது: துரத்திக்கொண்டு இந்த இடம் வரை வந்தோம், இந்த நாள் வரை வந்தோம். 'மட்டு' என்றால் அளவு, எல்லை. 'இம்மட்டும்' இரண்டையும் தாங்குகிறது. 'இதுவரை' என்று மாற்றினால் காலம் நிற்கும், கல் காணாமல் போகும். இந்த ஒரு சொல்லில் பழைய மொழிபெயர்ப்பை அசைக்க எனக்கு மனமில்லை.

யூதர்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் வைப்பார்களா?

நான் பார்த்ததில்லை. ஆனால் 16-ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த 'ஷுல்ஹான் அரூக்' என்ற யூதச் சட்ட நூலில் ஒரு பகுதிக்கே 'எவென் ஹா ஏஸெர்' என்று பெயர். அதில் இருப்பது திருமணம், விவாகரத்துச் சட்டங்கள். எபியின் அம்மா இதை இப்போதே மகனிடம் சொல்ல வேண்டாம், கல்யாணப் பேச்சு எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.